உரோமில் ஓர் இறையியல் மாணவர்: டீட்ரிக் போன்ஹோபரின் 1924ஆம் ஆண்டு நாட்குறிப்பும் திருச்சபை என்னும் கேள்வியும்

முன்னுரை

இட்லரின் ஆட்சியை எதிர்த்து 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட செருமானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர், தம் பதினெட்டாம் வயதில் உரோம் நகரில் சில வாரங்கள் தங்கினார். அக்காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்துள்ளது. நண்பரும் வாழ்க்கை வரலாற்று ஆசிரியருமான எபர்கார்ட் பெத்கே தொடங்கி ஆய்வாளர் பலரும் இப்பயணத்தை ஒரு திருப்புமுனையாகவே எழுதி வந்துள்ளனர். இக்கருத்து தவறன்று, ஆனால் முடிவை அறிந்தவர்கள் தொடக்கத்தைப் படிக்கும்போது நேரும் மிகை அதில் உண்டு. நாட்குறிப்பில் தெளிவான விடை எதுவும் இல்லை. அதில் இருப்பது ஒரு கேள்வி. அதுவும் தடுமாற்றத்தோடு எழுப்பப்பட்ட கேள்வி.

கோவிலுக்குச் செல்லாத வீடு

போன்ஹோபர் 1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவில் பிறந்தார். தந்தை கார்ல் போன்ஹோபர் 1912 முதல் பெர்லினில் மனநல மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். தாய்வழிக் கொள்ளுப்பாட்டனார் கார்ல் ஆகஸ்ட் வான் ஹாசே புகழ்பெற்ற திருச்சபை வரலாற்றாசிரியர். உரோமுக்குப் பலமுறை சென்று வந்தவர். அவ்வாறிருந்தும் அக்குடும்பம் ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லும் குடும்பமன்று. இறையியல் படிக்கப் போவதாக இளையவர் அறிவித்தபோது, திருச்சபை வலுவற்ற நடுத்தர வர்க்க அமைப்பு என்று அண்ணன்மார் கேலி செய்தனர். அப்படியாயின் அதைத் தாம் சீர்திருத்தப் போவதாக அவர் விடையிறுத்தார் என்பது குடும்ப நினைவு.

அந்தக் கேலிக்கு ஒரு காலப் பின்னணி உண்டு. 1918 வரை பிரஷ்ய அரசரே அந்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் உச்சத் தலைவராக இருந்தார். முடியாட்சி வீழ்ந்தது, 1919ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பு, அரசுத் திருச்சபை என்னும் நிலையை நீக்கியது. அரசின் தாங்கல் இன்றித் திருச்சபை என்பது யாது என்னும் வினா அன்றைய செருமனியில் ஏட்டுவினாவாக மட்டும் இருக்கவில்லை. 1923இல் தூபிங்கனில் படிப்பைத் தொடங்கிய மாணவர், அவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டார் எனக் கூறுவதற்குச் சான்றில்லை. பனிச்சறுக்கு விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறி வந்தவரை மகிழ்விக்கப் பெற்றோர் இசைந்த பயணம் அது. அண்ணன் கிளவுஸ் உடன் சென்றார்.

குருத்து ஞாயிறும் அடுத்த நாளும்

1924 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சகோதரர் இருவரும் புறப்பட்டனர். அவ்வாண்டில் குருத்து ஞாயிறு ஏப்ரல் 13 அன்று அமைந்தது. அன்று காலை தூய பேதுரு பெருங்கோவில் திருப்பலியில் வெவ்வேறு நிறத்தினரான துறவியரும் குருமாணவரும் ஒரே அங்கியில் ஒன்றாக நின்றதைக் கண்டார். மாலையில் திரினித்தா தெய் மோந்தி கோவிலில், கன்னியர் மடத்து இளம்பெண்கள் நாற்பதின்மர் அளவில் பவனியாக வந்து பாடிய மாலைச் செபத்தைக் கேட்டார். கத்தோலிக்கத்தின் மெய்ம்மை தமக்கு முதன்முறையாகச் சற்றே புலப்பட்ட நாள் என்று அதனைக் குறிக்கிறார்.

மறுநாள் மரியா மஜோரே பெருங்கோவிலில் கண்ட காட்சியே ஆய்வு நோக்கில் கூடுதல் மதிப்புடையது. பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் அனைத்திலும் ஆட்கள் இருந்தனர். அவர்களுக்கு அது கடமையாக அன்றித் தேவையாகவே இருந்தது என்பது அவர் கணிப்பு. திருச்சபை என்னும் கருத்து மனிதர் கண்ணுக்குத் தெரியும் செயலாக அங்கே நிகழ்வதாகக் கண்டார். செருமானியத் தாராள இறையியல் சமயத்தைத் தனிமனித உள்ளுணர்வாகவே பெரிதும் பேசி வந்த காலத்தில், மாணவர் ஒருவர் கூட்டு வழக்கம் ஒன்றின்மீது கண் பதித்தது கவனிக்கத்தக்கது.

எனினும் இதே ஏட்டில் மறுபக்கமும் உள்ளது. திருத்தந்தையைக் குழுவோடு சந்தித்த நிகழ்வு ஏமாற்றம் அளித்தது. உடன் வந்த இளம் கத்தோலிக்கக் குருமாணவருடன் நெடுநேரம் வாதிட்ட பின், கத்தோலிக்கத்தின்பால் தமக்கிருந்த ஈர்ப்பு குறைந்ததாகவே எழுதுகிறார். தம் சொந்தச் சபையையும் விட்டுவைக்கவில்லை: சீர்திருத்த இயக்கம் அரசோடு பிணைந்த திருச்சபையாகாமல் பெரியதொரு பிரிவுக் குழுவாகவே நின்றிருந்தால் நன்றாயிருக்குமோ என்று ஐயுறுகிறார். மதமாற்றத்தின் விளிம்பில் நின்றவராக அவரைக் காட்டும் எழுத்துகள் இப்பகுதிகளை எளிதில் கடந்துவிடுகின்றன.

பெர்லினில்

சிசிலிக்கும் லிபியாவுக்கும் சென்று மீண்டும் உரோமில் தங்கிய பின், சூன் மாதத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தார். ரைன்கோல்ட் சேபெர்கின் மேற்பார்வையில் 1927இல் அளித்த முனைவர்ப்பட்ட ஆய்வேடு திருச்சபையின் சமூகவியலைப் பற்றியது. அதன் இலத்தீன் தலைப்பு, தமிழ்க் கிறித்தவர் விசுவாச அறிக்கையில் சொல்லும் 'புனிதர்களுடைய சமூக உறவு', 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' ஆகிய தொடர்களின் மூலமே. கிறித்து, சமூகமாக நிலவுகிறார் என்பது அவ்வேட்டின் மையக் கருத்து. உரோமில் எழுந்த ஐயம் இங்கு அப்படியே தொடரவில்லை. மக்கள் அனைவருக்குமான திருச்சபையையும் விரும்பிச் சேர்வோரின் திருச்சபையையும் ஒன்றுக்கொன்று முரணாக வைக்க ஆய்வேடு மறுக்கிறது. ஆகவே நாட்குறிப்பிலிருந்து ஆய்வேட்டுக்கு நேர்க்கோடு வரைய இயலாது. கேள்வி தொடர்ந்தது, விடை மாறியது.

மரியா மஜோரேயில் கண்டதன் தடம், ஏட்டைக் காட்டிலும் நடைமுறையில் தெளிவாகத் தெரிகிறது. 1935இல் இட்லர் ஆதரவுத் திருச்சபைத் தலைமைக்கு எதிராக நின்ற அறிக்கையிடும் திருச்சபைக்காக அவர் நடத்திய ஃபின்கன்வால்டே குருமடத்தில், மாணவர் தம்முள் ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யுமாறு அறிவுறுத்தினார். லுத்தரன் மாணவருக்கு அது வியப்பாக இருந்தது. கத்தோலிக்கச் சாயல் என்ற குறைகூறலும் எழுந்தது. 1937இல் கெஸ்டாபோ அக்குருமடத்தை மூடியது. ஈராண்டுகள் கழித்து, அங்கு வாழ்ந்த வாழ்வைப் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூலின் இறுதி இயல், பாவ அறிக்கையையும் திருவிருந்தையும் பற்றியது.