கண்ணீர்த் துளையில் வைக்கும் 'பிளக்': ஒளு கூடுமா, நோன்பு முறியுமா?

ஆரணியில் தறியில் அமர்ந்து ஜரிகைப் புட்டா போடுபவர்களும், அறுந்த பாவு இழையைத் தேடிக் கட்டுபவர்களும் கண் இமைப்பதையே மறந்துவிடுகிறார்கள். இழையையே உற்றுப் பார்க்கும்போது இமைப்பு குறைகிறது, கண்ணீர்ப் படலம் சீக்கிரம் காய்ந்துபோகிறது. மண் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், மாலையில் பார்வை மங்கல் ஆகியவை கண் உலர்வு நோயின் அடையாளங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், மூட்டுவாத நோயாளிகளுக்கும், சில மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் இது அதிகம்.

சொட்டு மருந்தில் குணமாகாதவர்களுக்கு டாக்டர் 'பிளக்' வைக்கச் சொல்வதுண்டு. "ஹஜ்ரத், அதை வைத்தால் ஒளு கூடுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். கடுமையான உலர்வை அப்படியே விட்டால் கருவிழியில் புண் ஏற்பட்டுப் பார்வையே பாதிக்கப்படலாம். எனவே விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம்.

பிளக் என்றால் என்ன?

மூக்கை ஒட்டிய கண்முனையில் மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று என ஊசிமுனை அளவு துளைகள் உண்டு. இரு கண்ணுக்கும் சேர்த்து நான்கு. கண்ணீர் இவற்றின் வழியே வடிந்து மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். இந்தத் துளையை மிகச் சிறிய அடைப்பானால் மூடினால், இருக்கும் கண்ணீர் கண்ணிலேயே தங்கும். ஏரி மதகை அடைத்து நீரைத் தேக்குவது போலத்தான். 1935-ல் பீதம் என்ற மருத்துவர் மின்சூடு வைத்துத் துளையை மூடி இதைச் செய்து பார்த்தார். 1975-ல் ஃப்ரீமன் சிலிக்கான் பிளக்கை அறிமுகப்படுத்தினார்.

வைக்கும் முறை

முதலில் உலர்வுக்கான காரணத்தைப் பரிசோதிப்பார்கள். இமை வீக்கமோ கிருமித் தொற்றோ இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே பிளக். பெரும்பாலும் கீழ்த்துளையில் மட்டும் தொடங்குவார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, துளையின் அளவு பார்த்து, தேவையானால் சற்று விரித்துப் பிளக்கைப் பொருத்துவார்கள். சில நிமிட வேலை, கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

சில நாட்களில் கரைந்துவிடும் கொலாஜன் பிளக்கை முதலில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. கொலாஜன் விலங்கிலிருந்து எடுக்கப்படும் புரதம். எந்த விலங்கு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிக்கான் செயற்கைப் பொருள் என்பதால் அதில் இந்தக் கேள்வி எழாது.

எடுக்கும் முறை

துளையின் வாயில் தலை தெரியும் பிளக்கை டாக்டர் சிறு இடுக்கியால் எளிதாக எடுத்துவிடுவார். குழாய்க்குள் முழுவதும் இறங்கியிருக்கும் வகையை உப்புநீர் பாய்ச்சி மூக்குப் பக்கமாகத் தள்ளுவார்கள். சிக்கிக்கொண்டால் அபூர்வமாக அறுவை தேவைப்படும். எனவே எந்த வகை, எந்தத் தேதியில் வைத்தார்கள் என்ற சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருப்பது, உறுத்தல், கண்முனையில் வீக்கம், வலி, சீழ் ஆகியவை இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் ஊசியாலோ நகத்தாலோ எடுக்க முயலக் கூடாது. பிளக் தானாக விழுந்துவிடுவதும் சகஜம். பயப்பட வேண்டாம், மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

மார்க்கச் சட்டம்

ஒளுவிலும் குளிப்பிலும் கண்ணின் உட்பகுதியைக் கழுவுவது கடமையல்ல. பிளக் இருப்பது இமை ஓரத் துளைக்குள். ஆகவே அது தண்ணீரைத் தடுக்கும் பொருளாகாது, ஒளுவும் கூடும், குளிப்பும் கூடும். முகம் கழுவும்போது கண்முனையில் பீளை இருந்தால் அகற்றி மென்மையாகக் கழுவுங்கள். அழுத்தித் தேய்த்தால் பிளக் நழுவிவிடும்.

நோன்பில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதால், தொண்டையில் கசப்பு தெரிந்தாலும், ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி நோன்பு முறியாது. மாலிகி மத்ஹபில் தொண்டையை அடைந்தால் முறியும். தொண்டைக்கு இறங்குவதை விழுங்காமல் தவிர்த்தால் முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. மருந்து தொண்டைக்கு இறங்கும் வழியே இந்தத் துளைதான். பிளக் அந்த வழியை அடைப்பதால் கசப்பும் குறையும். பிளக் இல்லாதவர்கள் சொட்டு விட்டவுடன் கண்முனையை விரலால் சிறிது நேரம் அழுத்திக்கொண்டால் இதே பலன் கிடைக்கும்.

கவனத்திற்கு

பிளக் நோயைக் குணப்படுத்துவதில்லை, கண்ணீரைத் தேக்கி வைக்கிறது. சொட்டு மருந்தைத் தொடர வேண்டியிருக்கலாம். தறியில் இருக்கும்போது அவ்வப்போது நிமிர்ந்து தூரத்தைப் பார்த்து, நன்றாக இமையுங்கள். கடையில் விற்கும் சுர்மாப் பொடிகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதால் நோயுள்ள கண்ணில் இட வேண்டாம். ஆரணிக்கு அருகில் வேலூரில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனையும், சென்னையில் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் உள்ளன. ஆலோசனை பெறலாம்.

மருந்து தேடுவதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு ஏவியிருக்கிறார்கள். ஒளு கூடாதோ என்ற தயக்கத்தில் பார்வை என்னும் அமானிதத்தை இழந்துவிட வேண்டாம். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன்.