போலீஸ் ரிப்போர்ட்டும் பொதுஜன உரிமையும்

ஜொகூர் மாநிலத்துப் பத்து பகாட் மாவட்டத்திலே, லாபிஸுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் பாரிட் சூலோங்குக்கும் செல்லும் சாலைகள் கூடுமிடத்தில் அமைந்த ஊர் யோங் பெங். சீன எழுத்தில் அப்பெயருக்கு ‘நிலைத்த அமைதி’ என்பது பொருள். அமைதி எதனால் நிலைக்கும்? காவலால் என்பர். காவல் வேண்டுவதுதான், ஆனால் அக்காவல் தான் செய்தது யாது, செய்யாதது யாது என்று குடிகளுக்குக் கணக்குச் சொல்லவும் வேண்டுமல்லவா? அந்தக் கணக்கின் வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

மலாயாவில் நம்மவர் வரலாறு நெடுகிலும் கணக்குச் சொன்னவர்கள் குடிகளே, கேட்டவர்கள் அதிகாரிகளே. ஒப்பந்தக் கூலி முறை நடந்த நாளில், தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளி குற்றவாளியாகவே நடத்தப்பட்டான். துரை ஒரு சொல் எழுதியனுப்பினால் அவனைத் தேடிப் பிடிப்பது போலீஸாரின் வேலை. அவன் ஏன் ஓடினான், கூலி கிடைத்ததா, அடிபட்டானா என்று அவன் பக்கத்துச் செய்தியை எழுதி வைக்க எந்தப் பேரேடும் இருந்ததாகத் தோன்றவில்லை. அந்த ஆள்சேர்ப்பு 1910-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதிகாரத்தின் முன் கைகட்டி நிற்கும் வழக்கம் அதனுடன் போய்விடவில்லை.

1948-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் கைநாட்டும் கொடுத்து அடையாள அட்டை பெற வேண்டுமென்று விதி வந்தது. 1950 முதல் லட்சக்கணக்கானோர் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். யோங் பெங்கிலும் அத்தகைய புதுக்கிராமம் எழுந்தது. தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடமாகக் கூட்டி வேலியிடப்பட்டன. 1952-ல் பேராக்கைச் சேர்ந்த தஞ்சோங் மாலிமில் ஹைகமிஷனர் டெம்ப்ளர் செய்தது யாவரும் அறிய வேண்டியது. நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் படி குறைப்பு, வீடுதோறும் வினாத்தாள். ஜனங்கள் தமக்குத் தெரிந்ததை எழுதிப் பெட்டியில் இட வேண்டியதாயிற்று. போலீஸாரிடம் குடிகள் எதையேனும் கேட்பதற்கு மட்டும் வினாத்தாள் அச்சிடப்படவில்லை! 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது.

நிற்க. ஒருவன் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று கொடுக்கும் புகாருக்குச் சட்டத்தில் இடமுண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரி எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவரும் தம் குறையைப் பதிவு செய்யலாம் என்பதே இதன் கருத்து. அப்படி எழுதிய காகிதம் யாருடையது? போலீஸாரின் சொந்தச் சொத்தா? குவாந்தான் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எதிராக அந்தோணி கோமஸ் என்பவர் தொடுத்து, 1977-ல் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. முதல் தகவல் அறிக்கை ஒரு பொது ஆவணம். அதில் உரிய சம்பந்தமுடையவர் அதன் நகலைப் பெறலாம் என்று தீர்ப்பாயிற்று.

ஆயினும் நகல் கையில் இருந்தால் போதுமா? புகார் கொடுத்தபின் அது என்னவாயிற்று என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் அநேகர். இக்குறையைப் போக்க 2006-ல் நிறைவேறி 2007-ல் அமலுக்கு வந்த திருத்தமே 107ஏ என்னும் பிரிவு. வாரண்டு இன்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயிருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் கழிந்திருந்தால், புகார்தாரர் விசாரணையின் நிலையைக் கேட்கலாம். ஸ்டேஷன் பொறுப்பதிகாரி இரண்டு வாரத்துக்குள் பதில் தரவேண்டும். தராவிடில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரிடம் முறையிடலாம். விசாரணைக்கு ஊறு செய்யும் விவரத்தை மட்டும் சொல்லாமலிருக்கச் சட்டம் இடமளிக்கிறது. தோட்டத்தில் மோட்டார் சைக்கிளைத் திருட்டுக் கொடுத்தவனுக்கும், பட்டணத்தில் கடையை உடைக்கக் கொடுத்தவனுக்கும் இது பொதுவான உரிமை.

தனிமனிதன் கேட்கும் கணக்கு இது. நாடு கேட்க வேண்டிய கணக்கு மற்றொன்று உண்டு. காவலில் ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மரண காரணத்தை விசாரிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 334-வது பிரிவு விதிக்கிறது. 2004-ல் துன் முகமட் ஸைடின் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் கமிஷன், அடுத்த ஆண்டு 125 சிபாரிசுகளுடன் அறிக்கை அளித்தது. 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்தனர் என்றும், மரண விசாரணை நடந்தவை மிகச் சிலவே என்றும் அதனால் வெளிப்பட்டது. விதி ஏட்டில் இருந்தது; எண்ணிக்கையைக் கேட்பார் இல்லாதபடியால் விதி உறங்கிற்று. கமிஷன் வேண்டிய சுதந்திரப் புகார் ஆணையம் அக்கமிஷன் சொன்ன வடிவில் வரவில்லை. 2022-ல் சட்டமாகி 2023 ஜூலை முதல் நடப்புக்கு வந்த ஆணையத்துக்குத் தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை. சிபாரிசு செய்யும் அதிகாரமே உண்டு.

நம் சட்டத்துக்குத் தாய்வீடான இந்தியாவைப் பாருங்கள். காவலில் நேரும் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993-லேயே பணித்தது. முதல் தகவல் அறிக்கைகளை, பாலியல் குற்றம் முதலிய மறைவு வேண்டுபவை நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் 2016-ல் ஆணையிட்டது. இதனால் அங்கே கொடுமை ஒழிந்துவிட்டதா? இல்லை, 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்டதை யார் மறப்பர்? ஆனால் கேள்வி கேட்பவன் கையில் காகிதம் ஒன்று இருக்கிறது.

எல்லாவற்றையும் வெளியிட்டால் துப்புத் துலங்காது, பாதிக்கப்பட்டவர் மானம் போகும் என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். பெண்ணொருத்தியின் பெயரை மறைப்பது நியாயம். ஓராண்டில் எத்தனை புகார் வந்தன, எத்தனை முடிந்தன என்ற தொகையை மறைப்பது எந்த நியாயம்? பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டம் கண்டன. ஆனால் போலீஸ் கூட்டரசின் இலாகா ஆதலால் மாநிலச் சட்டம் அதன் பேரேட்டைத் திறக்காது. அதற்குக் கூட்டரசின் சட்டமே வேண்டும்.

அது வருமளவும் நாம் வாளாவிருக்கலாகாது. புகார் கொடுத்தவர் நகலைப் பத்திரப்படுத்துக. நான்கு வாரம் சென்றதும் விசாரணையின் நிலையை எழுத்து மூலமாகக் கேட்டு, அக்கடிதத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்க. எழுதத் தயங்கும் முதியோர்க்குப் படித்த இளைஞர் எழுதிக் கொடுப்பாராக. யோங் பெங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் ஊர்ப்புறங்களிலும் உள்ள சங்கங்கள் மாதம் ஒரு மாலையை இப்பணிக்கு ஒதுக்கினால், 107ஏ என்னும் எழுத்து, சட்டப் புத்தகத்திலிருந்து நம்மவர் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.