எண்ணூற்றெழுபது ஆடுகள்

தைராய்டு குறைபாட்டுக்காகக் காலையில் வெறும்வயிற்றில் விழுங்கப்படும் சிறு மாத்திரையின் வரலாறு ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், முகம் வீங்கி, பேச்சும் சிந்தையும் மந்தமாகிவிட்ட 46 வயதுப் பெண்மணிக்கு, செம்மறியாட்டின் தைராய்டுச் சுரப்பிச் சாற்றை மருத்துவர் ஜார்ஜ் மர்ரே ஊசிவழி செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது; பேச்சு தெளிந்தது. பின்னர் அச்சாற்றை வாய்வழியே உட்கொண்டு, 1919 வரை அவர் வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளுக்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன.

1914-இல் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினர். மருத்துவர்களின் பெயர்களை நாம் அறிவோம். ஆடுகளின் எண்ணிக்கையையும் அறிவோம். எவரும் சோதித்திராத மருந்துக்கு முதலில் கைநீட்டிய அப்பெண்ணோ, மருத்துவ ஏட்டில் முழுப்பெயரற்ற ஒரு நோயாளி.