ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு நெட் கனெக்‌ஷன்... டெல்டாவுல ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்க்கிறவங்களுக்கு ஒரு கைடு!

ஐப்பசி, கார்த்திகையில மழை வந்தா சம்பா பயிருக்கு நல்லது. வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் வயித்துல புளி கரைக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தப்போ, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னைமரங்களோட சேர்ந்து கரன்ட் கம்பங்களும் சாய்ஞ்சன. பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்பவே வாரக்கணக்குல ஆச்சு. அந்த மாதிரி நாளுக்கு இங்கே சொல்லப்போற எதுவும் உதவாது. ஆனா, ரோடு தோண்டுற ஜேசிபி கேபிளை அறுத்துட்ட நாளுக்கும், கிளை முறிஞ்சு ஒயர் தொங்குற நாளுக்கும் ரெண்டாவது கனெக்‌ஷன் கைகொடுக்கும். இன்டர்வியூ நடுவுல நெட் போனா, 'கேபிள் கட்' என்ற காரணம் பெங்களூருல இருக்கிற ஹெச்.ஆருக்குப் புரியாது!

ரெண்டாவது எது?

ரெண்டு கம்பெனியோட ஃபைபரை வாங்குறது வேஸ்ட். ரெண்டு ஒயரும் ஒரே கம்பத்துல தொங்கினா, ஒரே கிளை ரெண்டையும் அறுத்துடும். அதனால ஒண்ணு ஒயர் வழி, இன்னொண்ணு டவர் வழி. வீட்டுல பி.எஸ்.என்.எல் ஃபைபர் இருந்தா, பேக்கப்புக்கு ஜியோ அல்லது ஏர்டெல் சிம் போதும். வாங்குறதுக்கு முன்னாடி ஃப்ரெண்டோட போனை வாங்கி, கம்ப்யூட்டர் இருக்கிற ரூம்லயே சிக்னல் பாருங்க. மொட்டை மாடியில நாலு புள்ளி காட்டுறதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

செட்டிங்ஸ்

ஃபைபர் ரூட்டர்ல இருந்து லேன் கேபிளைக் கம்ப்யூட்டர்ல சொருகுங்க. போனை யு.எஸ்.பி கேபிள்ல இணைச்சு, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல 'யு.எஸ்.பி டெதரிங்'கை ஆன் பண்ணுங்க. சார்ஜும் ஏறும்.

இப்போ எதை முதல்ல பயன்படுத்தணும்னு விண்டோஸுக்குச் சொல்லணும். கன்ட்ரோல் பேனல்ல நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், லேன் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் எடுங்க. அதுல ஐ.பி வெர்ஷன் 4, அட்வான்ஸ்டு. கீழே 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' டிக்கை எடுத்துட்டு 10னு போடுங்க. போன் கனெக்‌ஷனுக்கு 50. எண் குறைவா இருக்கிறதுக்குத்தான் முன்னுரிமை. வெர்ஷன் 6க்கும் இதையே செய்யணும். பலரும் கோட்டை விடுறது இங்கேதான். போன் கனெக்‌ஷனை 'மீட்டர்டு'னு மாத்திடுங்க. இல்லைன்னா விண்டோஸ் அப்டேட்டே அன்னிக்கு டேட்டாவை முழுங்கிடும்.

ஒரு சிக்கல் இருக்கு. தெருவுல கேபிள் அறுந்தாலும் உங்க ரூட்டர் உயிரோடதான் இருக்கும். லேன் நல்லாத்தான் இருக்குன்னு நம்பி கம்ப்யூட்டர் அங்கேயே முட்டிக்கிட்டு நிற்கலாம். லேன் கேபிளைப் பிடுங்கினா உடனே போனுக்கு மாறிடும். இது தானா நடக்கணும்னா 'டூயல் வான்' ரூட்டர் வாங்கணும். வெளியே நெட் வருதான்னு அது அப்பப்போ சோதிச்சு மாத்திவிடும்.

100 எம்.பி.பி.எஸ்ஸும் 40ம் சேர்ந்து 140 ஆகுமா? ஒரே ஃபைல் டவுன்லோடுக்கு ஆகாது. ஒரு டவுன்லோடு பொதுவா ஒரு வழியிலதான் போகும். ரெண்டையும் கலந்து ஓட்டினா, ஐ.பி முகவரி மாறுதுன்னு சில பேங்க் சைட்கள் லாக்-அவுட் பண்ணிடும்.

கரன்ட் போனா ரூட்டரும் படுத்துடும். அடாப்டர்ல எத்தனை வோல்ட்னு பார்த்து, அதுக்கேத்த மினி யு.பி.எஸ் ஒண்ணு வாங்கிடுங்க. பெரும்பாலும் 12 வோல்ட்தான் இருக்கும். எல்லாம் முடிஞ்சதும், ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெண்டோட வீடியோ கால்ல இருக்கும்போது லேன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. சில நொடி உறைஞ்சு திரும்ப ஓடுச்சுன்னா செட்டிங்ஸ் சரி.