நிலப்படங்களில் நம் குடியிருப்புகள்

காஞ்சிபுரம் என்றவுடன் கோபுரங்களும் பட்டுத் தறிகளுமே பலர் நினைவுக்கு வரும். நகரைச் சூழ்ந்த ஏரிகளையும் வயல்களையும், அவற்றில் உழைத்த நம் முன்னோரின் குடியிருப்புகளையும் அறிய விரும்பும் இளைஞர்கள் பழைய நிலப்படங்களை விரித்துப் பார்த்தல் வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமை ஆங்கிலக் கம்பெனியாரின் ஜாகீராக இருந்தபோது, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அதனை ஊர் ஊராக அளந்தார். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பின்னர் இந்தியா முழுதும் பரவிய முக்கோண அளவையைத் தொடங்கினார். அவ்வழி வந்த நில அளவைத் துறையின் தாள்களுள் 57 பி/9 என்னும் எண்ணுடையது காஞ்சியைக் காட்டுவது. ஓர் அங்குலம் ஒரு மைல் என்னும் பழைய அளவில், ஏரி நீல நிறத்திலும், வண்டிப் பாதை புள்ளிக் கோடாகவும், இருப்புப்பாதை கருங்கோடாகவும் விளங்கும்.

அந்த இருப்புப்பாதை 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு இந்தியன் டிராம்வே கம்பெனியார் மூன்றரை அடி அகலத்தில் அமைத்தது. 1874இல் தென்னிந்திய ரயில்வேயுடன் சேர்ந்தது. ரயிலுக்கு வேண்டிய நிலத்தை அளந்து கல் நட்ட அரசு, நம்மவர் குடிசை நின்ற மனையை அவர் பெயரில் எழுதத் தயங்கியது ஏன்?

விடை கிராமப் படத்தில் கிடைக்கிறது. அதில் ஊர் நத்தம் ஓரிடம், சேரி நத்தம் வேறிடம். சேரி மனைகளையும் மிராசுதாரர்கள் தமதெனக் கூறி, எதிர்த்தவரை வெளியேற்றுவோம் என்று அச்சுறுத்தினர். தரிசு நிலம் கேட்டால் அதிலும் அவர்களுக்கே முன்னுரிமை. இந்நிலையைச் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட ஆணையின்படி நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுவதிலும் அது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பர். பத்தாண்டு வரை விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோரல்லாத பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்பது இதுவே.

அந்நிலங்களுள் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. 1994இல் அவற்றை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இருவர் உயிரிழந்தனர்.

தம் ஊர் நிலத்தைத் தேடுவோர், 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்திய 'அ' பதிவேட்டையே முதலில் கேட்டல் நன்று. குறிப்புக் கலத்தில் டி.சி. என்றோ, நிபந்தனை என்றோ எழுதியிருக்கிறதா எனக் காண்க. பின்னர் அந்தப் பழைய எண்ணைப் புதிய எண்ணுடனும், புலப்படத்தின் எல்லைக் கற்களுடனும் ஒப்பிடுக. எண் மாறியிருக்கலாம், உட்பிரிவும் ஆகியிருக்கலாம். இரண்டு பதிவேடுகளின் நகலும் கையில் இருந்தால்தான் வட்டாட்சியர் முன் பேச இயலும்.