நீதிபதிகள்மீதான முறையீடு: சொல்லும் நடைமுறையும்

குறை கூறி நீதி வேண்டுதலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் 'பிராது' பாரசீக மூலத்தினின்றும் 'புகார்' இந்துஸ்தானி மூலத்தினின்றும் வந்தவை. இரு மூலங்களும் உரத்துக் கூவுதல் என்னும் பொருளுடையன. 'முறையீடு' இவற்றின் வேறானது. பழந்தமிழில் 'முறை' என்பது நீதியையே குறித்தது; திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் இப்பொருள் தெளிவு. எனவே முறையீடு என்பது குறையை நீதியின்முன் வைத்து விடை வேண்டி நிற்றல் ஆகும். நீதி வழங்குவோர்மீதே முறையீடு எழுமிடத்து, முறையிடுவோர்க்கு அந்நிலை வாய்த்ததா என்பதை இந்திய உயர்நீதித்துறையின் நடைமுறை வரலாறு கொண்டு காணலாம்.

அரசியலமைப்பின் 124ஆம் பிரிவு, உச்சநீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்தின் வழிப்படுத்தியது. 217ஆம் பிரிவு உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதனையே விதித்தது. 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையொப்பமிட்டால்தான் நடவடிக்கை தொடங்கும். நீதிபதி சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் சான்று காட்டவும் வாய்ப்புப் பெறுவார். இது முற்றிலும் தக்கதே. வழக்கில் தோற்றவர் சினத்தால் எழுதும் ஒவ்வொரு மடலுக்கும் நீதிபதி அஞ்ச நேரின் நடுநிலை நில்லாது. ஆயின் பாதிக்கப்பட்டவர்க்கு இச்சட்டத்தில் தனி இடமில்லை. குற்றம் சாட்டுவோர் உறுப்பினர்களே.

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இவ்விடத்துக் கருதத்தக்கது. கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்துடன் உயர்நீதிமன்றத்திடம் தெரிவிக்கும் கூற்று அவமதிப்பாகாது என்கிறது அதன் 6ஆம் பிரிவு. உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகளைக் குறித்து முறையிடுவோர்க்கு இத்தகைய காப்பு அப்பிரிவில் இல்லை. ஒரு சொல் விடுபட்டதன் விளைவு எத்துணைப் பெரிது!

நீக்கத்திற்குப் போதாத, எனினும் பதவிக்குப் பொருந்தாத நடத்தையை என் செய்வது என்னும் வினா 1995இல் ரவிச்சந்திர ஐயர் வழக்கில் எழுந்தது. வழக்கறிஞர் சங்கங்கள் தலைமை நீதிபதியிடம் செய்தியைத் தெரிவித்து அமைய வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். இதன்வழி உருவான உள்ளக நடைமுறை 1999 டிசம்பரில் ஏற்கப்பெற்றது. முறையீடு அற்பமானது எனத் தோன்றின் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி அதனைக் கோப்பிலிட்டு, இந்தியத் தலைமை நீதிபதிக்குத் தெரிவிப்பார். கடுமையானதாயின் மூவர் குழு அமையும். அது இயற்கை நீதிக்கு இயையத் தன் நடைமுறையை வகுத்துக்கொள்ளும். வழக்கறிஞர் துணையும் குறுக்கு விசாரணையும் இல்லை. அறிக்கையின் படி நீதிபதிக்கு உண்டு. முறையிட்டவர்க்கு அது தரப்படவேண்டும் என்னும் விதி இல்லை.

'இயற்கை நீதி' என்னும் தொடரே இங்கு ஆராயத்தக்கது. மறுதரப்பையும் கேள் என்பது அதன் முதல் விதி. இரு தரப்பு உண்டு என்பது அவ்விதியின் முன்கோள். உள்ளக நடைமுறையிலோ தரப்பு ஒன்றே. முறையிட்டவர் செய்தி தருபவராகச் சுருங்குகிறார். 2003இல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விசாரணை அறிக்கையை வெளியிட மறுத்தது. அது தலைமை நீதிபதியின் அறிதலுக்கான இரகசிய ஆவணமே என்பது தீர்ப்பு.

மாற்றத்தின் தொடக்கம் 2014இல் நிகழ்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் கூடுதல் மாவட்ட நீதிபதியாயிருந்த பெண் ஒருவர், உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றம் சாட்டினார். அவ்வுயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி தாமே அமைத்த இருவர் குழு நடைமுறைக்குப் புறம்பானது என உச்சநீதிமன்றம் விலக்கியது. சாட்சியாக வரக்கூடியோர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் நிருவாக அதிகாரத்தின்கீழ் இருத்தலாகாது என்றும் ஆணையிட்டது. உள்ளக நடைமுறை விதிகளைப் பொதுமக்கள் காண வெளியிடுமாறு பணித்ததும் அத்தீர்ப்பே. ஏற்கப்பெற்றுப் பதினைந்தாண்டு கழித்தே முறையிடுவோர் அவ்விதிகளைப் படிக்க வழி பிறந்தது! 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு 2017இல் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 2022இல் உச்சநீதிமன்றம் அப்பெண்ணின் பதவி விலகல் தன்விருப்பாலானதன்று எனக் கொண்டு அவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிட்டது. இவ்விரு முடிவுகளும் முரண்பட்டன அல்ல. குற்றம் நிறுவப்படாமை வேறு, முறையிட்டவர் நெருக்கடிக்கு ஆட்பட்டமை வேறு.

எனினும் 2019இல் இந்தியத் தலைமை நீதிபதிமீது முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் முறையிட்டபோது பழைய நிலையே மேலோங்கியது. வழக்கறிஞர் துணை மறுக்கப்பட்டதையும் காரணங்காட்டி அவர் விசாரணையினின்று விலகினார். குற்றச்சாட்டில் சாரமில்லை எனக் கண்ட குழுவின் அறிக்கை, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டி, வெளியிடப்படவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டமோ விசாரணை அறிக்கையை இரு தரப்பினர்க்கும் தரப் பணிக்கிறது.

சட்டத் தமிழில் 'மனுதாரர்' வழக்கின் தரப்பினர். 'புகார்தாரர்' என்பார் அத்தகுதி உடையவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ளக நடைமுறையைத் தமிழாக்குவோர் 'முறையீட்டாளர்' என்னும் சொல்லை ஆள்வராயின், மூலம் வழங்காத உரிமையைச் சொல்லால் வழங்கியவராவர். ஆதலின் அவ்விதிகள் திருத்தப்படும்வரை 'புகார் தெரிவித்தவர்' என எழுதுதலே மூலத்திற்கு உண்மையான மொழிபெயர்ப்பாகும்.