மறுநாளே வேலைக்கு வந்த பிரதமர்



போன கிழமை வகுப்பில் பெனாசிர் பூட்டோவைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1988 டிசம்பரில் பாகிஸ்தானின் பிரதமரானவர். 1990 ஜனவரி 25ஆம் திகதி, பதவியில் இருக்கும்போதே மகள் பக்தாவரைப் பெற்றெடுத்தார். தேர்தலில் வென்று வந்த அரசாங்கத் தலைவர்களில் அப்படிப் பிள்ளை பெற்ற முதலாமவர் அவர்தான். "மறுநாளே ஃபைல்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்" என்று பெருமையோடு சொன்னேன்.

பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அப்ப அந்தப் புள்ளய யாரு பாத்த?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தச் சம்பவத்தின் மறுபக்கம் விளங்கியது. 1989 நவம்பரில் அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவர் 12 வாக்குகளால் தப்பினார். பிரதமருக்குப் பிரசவ லீவு கிடையாது என்று எதிரணியினர் வாதாடினார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்கும் சத்தமில்லாமல்தான் போய் வந்தார். மறுநாள் வேலைக்கு வந்ததில் துணிச்சல் மட்டுமில்லை, கதிரை பறிபோய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அந்த நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலுக்குப் போகும் பெண்ணுக்கு 12 வாரம் சம்பளத்துடன் லீவு கொடுத்திருந்தது. ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இருந்த அந்த உரிமை பிரதமருக்கு இல்லை.

அடுத்தது பிரித்தானியா. 2000 மே மாதம் பிரதமர் டோனி பிளேயருக்கு நான்காவது பிள்ளை பிறந்தது. பின்லாந்துப் பிரதமர் லிப்போனன் லீவு எடுத்ததை அவருடைய மனைவி ஷெரி பகிரங்கமாகவே எடுத்துக்காட்டினார். பிளேயர் வேலையைக் கொஞ்சம் குறைத்தாரே தவிர முறைப்படி லீவு எடுக்கவில்லை. ஆனால் அவருடைய அரசாங்கம்தான் 2003 ஏப்ரலிலிருந்து தந்தைமாருக்கு இரண்டு வாரக் கொடுப்பனவுடன் லீவைச் சட்டமாக்கியது.

2018 ஜூன் 21ஆம் திகதி நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டனுக்கு மகள் பிறந்தாள். அது பெனாசிரின் பிறந்த நாளும்கூட. ஆர்டன் பொறுப்பைத் துணைப் பிரதமரிடம் கொடுத்துவிட்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தார். அரசாங்கம் கவிழவில்லை. பிறகு பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொண்டது தந்தை. அந்த ஜூலை முதலாம் திகதியிலிருந்து அந்நாட்டுப் பெற்றோருக்கான கொடுப்பனவுடன் கூடிய லீவு 18 வாரத்திலிருந்து 22 வாரமாகியது. ஆனால் பிரதமர் தனக்கு எடுத்ததோ ஆறு வாரம்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமது நாட்டில் தாய்மாருக்கு 84 நாட்கள். தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாட்களாக இருந்ததை 2018இல்தான் 84 ஆக்கினார்கள். அரச ஊழியரான தந்தைக்கு மூன்று நாள் லீவு இருக்கிறது. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டத்தில் ஒன்றுமில்லை.

இப்போது என் கதை. என் இளைய மகன் பிறந்தபோது அந்த மூன்று நாளையும் நான் எடுக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சை கிட்டிய நேரம். மறுநாளே பாடசாலைக்குப் போனேன். எல்லோரும் மெச்சினார்கள், எனக்கும் பெருமைதான். வீட்டில் மனைவிக்குக் காய்ச்சல். மாமிதான் இரவு பகலாக முழித்திருந்தார். அந்த மெச்சலில் மாமிக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

சட்டத்தில் லீவு இருந்தும், எடுக்காதவரையே நாம் மெச்சிக்கொண்டிருந்தால், எடுப்பவர் குற்றவாளி போலத்தான் கூனிக்குறுகி நிற்பார். பிரதமரானாலும் சரி, ஊர்ப் பாடசாலை ஆசிரியரானாலும் சரி.

நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் சொல்லப் போகிறேன்: "யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார் மகள். வரலாற்றுப் புத்தகத்தில் அவருடைய பெயர் இல்லை."